அக்காவின் கண் போன இடம்

சாயங்காலம் நாலு மணி ஆனால் அம்மா இரண்டு கையிலும் இரண்டு டின்னைத் தூக்கிக்கொண்டு அக்கா முன்னால் வந்து நிற்பார். வலக்கையில் மைலோ, இடக்கையில் தேயிலை. "எதுடி வேணும்?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்பார். அப்புறம் வாய் திறக்கமாட்டார். அக்காவின் தலை ஒரு பக்கம் இழுக்கும், கை தன்பாட்டுக்கு மேலே போகும், வாய் கோணும். இதெல்லாம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அம்மா டின்னை இறக்காமல் நின்றுகொண்டே இருப்பார். கடைசியில் அக்காவின் கண் மைலோ டின்னில் போய் நிற்கும். அங்கிருந்து அம்மாவின் முகத்துக்கு வரும். திரும்ப டின்னுக்குப் போகும். "மைலோவா? சரி" என்று அம்மா அடுப்படிக்குப் போவார்.

ஜொகூரில், குளுவாங்கை அடுத்த ரெங்கம் பக்கத்துத் தோட்டம் அது. அக்கா பிறந்தது 1974-இல், நான் நாலு வருஷம் கழித்து. அம்மா செய்ததை வீட்டு வேலைகளில் ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன். பால்மரம் சீவப் போவது, துணி துவைப்பது, அக்காவிடம் டின்னைக் காட்டுவது. அதற்கு ஒரு பெயர் உண்டு, ஒரு வரலாறு உண்டு, அந்த வரலாற்றின் இந்த முனையில் பல்லாயிரம் ரிங்கிட் விலையில் ஒரு கருவி நிற்கிறது என்பதெல்லாம் தெரியவந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அம்மா 2016-இல் போய்விட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கருவி வந்த வழியைப் பற்றியது. அம்மா செய்ததில் எதை அது எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பதைப் பற்றியதும்தான்.

*

அக்காவுக்கு இருப்பது மூளை முடக்குவாதம். தோட்டத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "பொறந்தப்ப மஞ்சக்காமாலை வந்துச்சு, அப்புறம் புள்ள இப்படி ஆயிருச்சு" என்பார் பாட்டி. ஆயாக்கொட்டகையில் அக்காவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பள்ளி வயதில் அம்மா தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய ஓர் இடத்தில், "இதுக்கு ஒண்ணும் புரியாதும்மா, கொண்டுபோய் நல்லா வச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்த நிலையை முதன்முதலில் விரிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். சின்ன வயதில் வந்த போலியோவால் அவருக்கே ஒரு பாதம் வளைந்திருந்தது. கடினமான பிரசவத்துக்கும் குழந்தையின் கைகால் விறைப்புக்கும் உள்ள தொடர்பை 1861-இல் அவர் மருத்துவர்கள் சபை ஒன்றில் முன்வைத்தார். வெகுகாலம் இதற்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர். மனப் பகுப்பாய்வுக்குப் போகும் முன் நரம்பு மருத்துவராக இருந்த சிக்மண்ட் ஃப்ராய்ட், பிரசவம் கடினமாவதே கருவில் முன்பே நேர்ந்த ஏதோ ஒன்றின் அடையாளமாக இருக்கலாம் என்று மறுத்து எழுதினார். இன்று தெரிந்தவரை காரணங்கள் பல. உலகளவில் ஆயிரம் பிறப்புக்குச் சுமாராக இரண்டு குழந்தைகளுக்கு இது வருகிறது.

பாட்டி சொன்ன மஞ்சள்காமாலையும் அந்தக் காரணங்களில் ஒன்று. நம் வட்டாரத்தில் அதற்குத் தனிக் கதை இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்குப் பிறந்த சில நாளில் மஞ்சள் கடுமையாக ஏறும். பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தினால்கூட அது தூண்டப்படலாம். இன்று மலேசியாவில் பிள்ளை பெற்ற யாரைக் கேட்டாலும் ஜி6பிடி என்றால் தெரியும். சிங்கப்பூரில் குழந்தை மருத்துவர் வோங் ஹொக் பூன் இந்தத் தொடர்பை விடாமல் ஆராய்ந்தார். 1965-இலேயே அங்கே பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இந்தச் சோதனை தொடங்கிவிட்டது. அக்கா பிறந்தது அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, பாலத்துக்கு இந்தப் பக்கம், லயத்து வீட்டில்.

மஞ்சள் மூளைக்குள் ஏறிப் படிந்தால் கைகால் தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் அசையும். காது மந்தமாகலாம். இன்னொன்றும் நடக்கும்: கண்ணை மேலே உயர்த்துவது கடினமாகிவிடும். அக்கா கூரையைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. அம்மா டின்களை எப்போதும் மார்புக்குக் கீழேதான் பிடிப்பார். காரணம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

*

பேச முடியாதவரின் பேச்சைப் பலகையில் ஏற்றும் யோசனை நூறு வருஷப் பழையது. மூளை முடக்குவாதம் உள்ள எஃப். ஹால் ரோ என்ற அமெரிக்கர் 1920களில் எழுத்துகளும் சொற்களும் எழுதிய பலகை ஒன்றை வைத்திருந்தார். சுட்டிச் சுட்டிப் பேசுவார். கையால் சுட்டவும் முடியாதவர்களுக்காக 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் ரெஜ் மேலிங் ஒரு கருவி செய்தார். குழாயில் ஊதினாலும் உறிஞ்சினாலும் தட்டச்சுப்பொறி ஓடும். அதன் பெயர் போஸம். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'என்னால் முடியும்' என்று பொருள்.

எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை என்ன செய்யும்? 1971-இல் கனடாவின் டொரோண்டோவில் ஆசிரியை ஷெர்லி மெக்நாட்டனும் உடன் இருந்தவர்களும் அதற்கு விடை தேடினார்கள். அவர்கள் கையில் கிடைத்தது சார்ல்ஸ் பிளிஸ் உருவாக்கிய குறிகள். யூதரான பிளிஸ் நாஜி முகாம்களில் கிடந்து, வெளியேறி, ஷாங்காயில் சீன எழுத்தைப் பார்த்து வியந்து, மொழி கடந்து எல்லோரும் படிக்கக்கூடிய ஓர் எழுத்தைக் கனவு கண்டவர். உலக சமாதானத்துக்காக அவர் செய்த குறிகளை முதலில் மனதார எடுத்துக்கொண்டவர்கள் சக்கர நாற்காலியில் இருந்த குழந்தைகள். தன் குறிகளை மாற்றிவிட்டார்கள் என்று அவர் அந்த மையத்தோடு பிறகு வருஷக்கணக்கில் சண்டை போட்டார் என்பதும் உண்மை.

அதே 1970களில் வந்ததுதான் இ-டிரான் எனப்படும் கண்ணாடிப் பலகை. தெளிவான பெர்ஸ்பெக்ஸ் தகடு, நடுவில் ஒரு துவாரம், ஓரங்களில் எழுத்துகள் அல்லது படங்கள். ஒரு பக்கம் குழந்தை, மறுபக்கம் கேட்பவர். குழந்தை ஓர் எழுத்தைப் பார்க்கும், கேட்பவர் தகட்டின் ஊடாகக் குழந்தையின் கண்ணைப் பார்ப்பார். மின்சாரம் வேண்டாம். எதிரில் உட்கார ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பொறுமை வேண்டும்.

நம் பக்கத்தில் பள்ளிகள் பிந்தித்தான் வந்தன. சிங்கப்பூரில் ஸ்பாஸ்டிக் சிறார் சங்கம் 1957-இல், சிலாங்கூரில் 1960-இல். ஜொகூருக்கும் அப்படி ஒரு சங்கம் உண்டு, ஆனால் ரெங்கம் தோட்டத்துக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. இந்தியாவில் மித்து அலூர் தன் மகள் மாலினிக்காக 1972-இல் பம்பாயில் தொடங்கியதுதான் முதல் பெரிய முயற்சி. மாலினி சிப் ஒற்றைச் சுண்டுவிரலால் தட்டச்சு செய்து லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கினார். 2010-இல் வந்த அவருடைய தன்வரலாற்றின் பெயரே 'ஒன் லிட்டில் ஃபிங்கர்'. சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய பள்ளி இன்று வித்யாசாகர். அந்தப் பள்ளியோடு சேர்ந்துதான் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் 'ஆவாஸ்' என்ற பேசும் கருவியைச் செய்தார். குழந்தை படங்களைத் தேர்ந்தெடுத்தால் கருவி அதைப் பேச்சாக்கும். அதற்காக 2011-இல் எம்.ஐ.டி.யின் டெக்னாலஜி ரிவியூ அவரை உலகின் 35 இளம் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராகச் சேர்த்தது.

*

கண்ணைப் படிக்கும் இயந்திரம் வேறு பாதையில் வந்தது. அதைச் செய்தவர்கள் ஊனமுற்ற குழந்தைகளை நினைத்துத் தொடங்கவில்லை. மனிதர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில், கண் மருத்துவர் எமில் ழவாலின் ஆய்வுக்கூடத்தில், வாசிக்கும் கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது என்று கண்டார்கள். ழவால் பிற்காலத்தில் பார்வையை இழந்தார். 1901-இல் அமெரிக்காவில் டாட்ஜும் க்ளைனும் கருவிழியில் தெறிக்கும் ஒளிப் புள்ளியைப் புகைப்படத் தகட்டில் பிடித்தார்கள். இன்றுள்ள கருவிகளின் வேர் அந்தப் புள்ளி.

கணினி வந்த பிறகு 1980களில் வர்ஜீனியாவில் தாமஸ் ஹட்சின்சன் 'எரிக்கா' என்ற கருவியைச் செய்தார். பார்வையால் திரையில் தேர்ந்தெடுக்கலாம். 1990களில் பாஸ்டன் கல்லூரியில் ஜேம்ஸ் கிப்ஸ் குழு கண்ணைச் சுற்றி மின்முனைகளை ஒட்டி, கண் அசையும்போது மாறும் மின்னழுத்தத்தால் சுட்டியை நகர்த்தியது. 2001-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய டோபி நிறுவனம் முகத்தில் எதையும் ஒட்டாத கருவியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

வேலை செய்யும் விதம் இதுதான். திரைக்குக் கீழே ஒரு பட்டை. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும். கருவிழியில் ஒளிப் புள்ளி விழும். பாவையின் நடுவுக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியை கேமரா நொடிக்குப் பல தடவை அளக்கும். கண் திரும்பினால் இடைவெளி மாறும். முதலில் திரையில் சில புள்ளிகளைக் காட்டி, "இங்கே பார்க்கும்போது இந்த அளவு" என்று கருவி அந்தக் கண்ணைப் பழகிக்கொள்ள வேண்டும். பிறகு ஓரிடத்தில் பார்வை குறித்த நேரம் நின்றால் அதைச் சொடுக்காக எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு சிக்கல். நாம் பார்ப்பது எல்லாம் கேட்பது ஆகிவிடுமா? 1990களின் தொடக்கத்தில் ராபர்ட் ஜேகப் இதை மிடாஸ் சிக்கல் என்றார். தொட்டதெல்லாம் பொன்னான ராஜாவுக்குச் சோறும் பொன்னானதுபோல, பார்த்ததெல்லாம் சொடுக்கானால் பார்க்கவே முடியாது. கண்ணுக்கு அதுவரை பார்ப்பது ஒன்றுதான் வேலை. இப்போது அதே கண் கையாகவும் வாயாகவும் இருக்க வேண்டும்.

*

இதை ஒரு குழந்தை எப்படிப் பழகுகிறது என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஜொகூர் பாருவில் எங்கள் தாமானில் ஒரு பையன். அப்போது எட்டு வயது. மாதம் இரண்டு சனிக்கிழமை அவனையும் அவன் அம்மாவையும் பயிற்சிக்குக் காரில் கொண்டுபோய் விடுவது என் வேலை. ஒரு வருஷத்துக்கு மேல் போனேன்.

முதல் நாள் திரையே போடவில்லை. உட்காரவைப்பதிலேயே ஒரு மணி நேரம் போனது. இடுப்பு நழுவினால் கழுத்து இழுக்கும், கழுத்து இழுத்தால் கண் போகும். பாதத்துக்கு ஒரு பலகை, இடுப்புக்கு ஒரு பட்டி, தலைக்கு ஓர் அணை. திரை முகத்திலிருந்து ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டரில். ஜன்னல் வழியே வந்த வெயிலில் கருவி தடுமாறியதால் திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு.

அடுத்த வாரங்களில் விளையாட்டு. பார்த்த இடத்தில் வண்ணம் வெடிக்கும். பார்த்த பூனை கத்தும். 'நான் பார்த்ததால்தான் நடந்தது' என்று அவனுக்கு உறைக்க வேண்டும். இந்த உலகத்தில் அவன் செய்து எதுவும் நடந்ததில்லை. அவனைத் தூக்குவார்கள், ஊட்டுவார்கள், திருப்புவார்கள். மூன்றாவது சனிக்கிழமை பூனையைக் கத்த வைத்துவிட்டு, பார்வையை விலக்கி, திரும்ப வந்து மறுபடி கத்த வைத்தான். சிரித்தான். சிரித்ததில் உடம்பு முழுக்க விறைத்து, கருவி கண்ணைத் தொலைத்துவிட்டது.

பிறகு இரண்டு படத்தில் ஒன்று. பிறகு நான்கு. பார்வை நிற்க வேண்டிய நேரத்தை முதலில் நீட்டி வைத்துப் பிறகு குறைத்தார்கள். பயிற்சியாளர் சீனப் பெண். அவர் அதிகம் சொன்ன சொல் மலாயில் 'துங்கு', அதாவது 'பொறுங்கள்'. அது பையனுக்குச் சொன்னதில்லை. எனக்கும் அவன் அம்மாவுக்கும் சொன்னது. "பந்தைப் பாருடா, பந்து எங்க? பந்து!" என்று நாங்கள் கத்திக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு கத்தலுக்கும் அவன் எங்கள் பக்கம் திரும்புவான், திரை கைவிட்டுப் போகும். எங்களைச் சோதனை வைக்கவேண்டாம் என்றார். நீங்களும் அதே திரையில் படத்தைத் தொட்டுத் தொட்டு அவனோடு பேசுங்கள் என்றார். பேசும் குழந்தைக்கு ஒரு சொல் வரும் முன் வருஷக்கணக்கில் அந்தச் சொல்லைச் சுற்றியிருப்பவர்கள் சொல்லிக் காட்டுகிறார்கள். திரையில் படமாக இருக்கும் சொல்லை இவனுக்கு யார் சொல்லிக் காட்டினார்கள்?

ஸ்வீடனில் பத்துக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. கருவியை அன்றாடம் பயன்படுத்திய அந்தக் குழந்தைகள் வேகமானது ஐந்து மாதத்தில். துல்லியம் கூடியது பதினைந்து, இருபது மாதத்துக்குப் பிறகு. ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு "இந்தப் பிள்ளைக்குச் சரிவராது" என்று சொல்பவர்களுக்கு அந்த எண்களைக் காட்டலாம். அக்காவை ஒரே பார்வையில் அளந்து அனுப்பியவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். பையன் சரியான படத்தைப் பார்த்ததும் உடனே அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான். அதே டின், முகம், டின். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 'கண்ணால் சுட்டுதல்' என்பதை வரையறுக்கும்போது பொருளுக்கும் ஆளுக்கும் இடையே போய்வரும் பார்வையையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். வெறுமே பார்ப்பதையும் சொல்வதையும் அதுதான் பிரிக்கிறது. கருவிக்கோ முகத்துக்குப் போன பார்வை தொலைந்துபோன பார்வை. பையன் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் திரை அவன் கண்ணைக் காணவில்லை என்று காட்டியது.

*

கருவி பேசியது ஆங்கிலத்தில். அம்மாவும் பையனும் வீட்டில் பேசுவது தமிழ். "அண்ணே, இவன் என்ன சொல்றான்னு எனக்கே மெஷின் இங்கிலீஸ்ல சொல்லுது" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படங்களுக்கு அடியில் சொல்லை மாற்றினால் தமிழாகிவிடாது. ஆங்கிலத் திரையில் 'நான்', 'வேண்டும்', 'குடி' என்று மூன்று கட்டம் வரிசையாக இருக்கும். அப்படியே மாற்றினால் பிள்ளை "நான் வேண்டும் குடி" என்று பேசும். தமிழில் அது 'குடிக்கணும்' என்ற ஒரே சொல். யார், எப்போது என்பதையெல்லாம் நாம் சொல்லின் வாலில் கட்டுகிறோம். தமிழ்ப் பிள்ளைக்கான திரையைத் தமிழிலிருந்தே தொடங்க வேண்டும்.

எழுத்துக்கும் இதே கதைதான். 247 எழுத்தையும் கட்டம் கட்டினால் ஒவ்வொரு கட்டமும் அரிசி அளவுதான் இருக்கும், எந்தக் கண்ணாலும் நிற்க முடியாது. ஆனால் 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் 12 உயிரும் 18 மெய்யும்தான் அடிப்படை. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு பார்வை போதும். புள்ளி தானாக விழும். தமிழை கணினிக்கும் 2005-இல் செல்லினம் வழியாகக் கைப்பேசிக்கும் கொண்டுபோன முத்து நெடுமாறன் நம் மலேசியாக்காரர். குரலும் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் பேச்சுச் சேவையில் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என்று இரண்டு குரல்கள் உண்டு. இரண்டும் பெரியவர்களின் குரல். எட்டு வயதுப் பையன் சூர்யாவின் குரலில் "அம்மா" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

துண்டுகள் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று சேர்ப்பதற்குக் கேட்கும் ஆள் வேண்டும். சட்டமும் இருக்கிறது. மலேசியா 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றியது, 2010-இல் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. அந்த உடன்படிக்கை 'தொடர்பு' என்பதன் வரையறையிலேயே மாற்று வழிப் பேச்சையும் சேர்க்கிறது. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பது அரசின் கொள்கை. வகுப்புக்குள் வந்து உட்கார்ந்த பிள்ளை எந்த மொழியில் வாய் திறக்கும் என்பது இன்னும் வீட்டுக்காரர்கள் கவலையாகவே இருக்கிறது.

*

அம்மா போன பிறகு அக்கா என்னோடுதான் இருக்கிறாள். முதல் இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நானும் டின்னைத் தூக்கிக் காட்டினேன். அவள் கண் எங்கெங்கோ போனது. "அக்கா, சொல்லுக்கா, எது?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு நானே முடிவு செய்து மைலோ கலக்குவேன். அவளுக்கு வயதாகிவிட்டது, மறந்துவிட்டாள் என்று அண்ணியிடம்கூடச் சொன்னேன்.

பையனோடு போய்வந்த பிறகு ஒரு ஹார்ட்வேர் கடையில் பெர்ஸ்பெக்ஸ் தகடு வாங்கி, நடுவில் துவாரம் போடச் சொன்னேன். ஆறு சொற்களைத் தமிழில் எழுதி, பக்கத்தில் படம் ஒட்டினேன். அக்காவுக்கு எழுத்து தெரியாது, படத்தைப் பார்த்துக்கொள்வாள். முதலில் மூன்று சொல் மேலே, மூன்று கீழே. மேலே உள்ளதை அவள் பார்க்கவே இல்லை. நான்கு நாள் கழித்துத்தான் அம்மா டின்னை எங்கே பிடிப்பார் என்பது நினைவுக்கு வந்தது. ஆறையும் பாதிக்குக் கீழே கொண்டுவந்தேன்.

அன்றைக்கு எதிரில் உட்கார்ந்து, ஒரு முறை கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டேன். தலை இழுத்தது, கை மேலே போனது, அடங்கியது. தகட்டின் ஊடாக அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் ஒரு சொல்லில் போய் நின்றது. என் முகத்துக்கு வந்தது. திரும்ப அந்தச் சொல்லுக்கே போனது.

'போதும்.'

மைலோவைச் சொல்கிறாளா, என்னைச் சொல்கிறாளா என்று அவளிடமே கேட்டேன். சிரித்தாள். மறுநாள் தேயிலை வைத்துக் கொடுத்தேன், முழுக்கக் குடித்தாள்.